ஒன்பது கனிகளும் ஒரு பந்தியும்

தூத்துக்குடி மாவட்டத்துக் கிறிஸ்தவக் கிராமங்களில் எந்தப் பிள்ளையை நிறுத்திக் கேட்டாலும் ஆவியின் கனிகள் ஒன்பதையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடிக்கும். ஓய்வுநாள் பாடசாலைச் சுவரில் படமும் இருக்கும். ஒரே மரத்தில் மாம்பழம், மாதுளை, திராட்சைக்குலை எல்லாம் தொங்கும்; ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். தப்பில்லாமல் ஒப்பித்த பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் பரிசு. செவிலியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபிறகு நானும் அந்த வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வளர்ந்து, கல்யாணமாகி, சபை நிர்வாகத்துக்கான சேகரக் கமிட்டித் தேர்தலில் நிற்கிற வயது வரும்போதும் அந்தப் பட்டியல் சுவர்ப்படமாகவே நின்றுவிடுகிறதே என்பதுதான் என் கவலை.

ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து தன் மனசுக்குள் வளர்த்துக்கொள்ளவேண்டிய நல்ல குணங்கள் என்றுதான் நாம் அவற்றை நினைத்துவைத்திருக்கிறோம். காலையில் கொஞ்சம் வேதம் வாசித்து, கொஞ்சம் ஜெபம் பண்ணினால் பொறுமை வரும், சாந்தம் வரும் என்று பிரசங்கிக்கிறோம். ஆனால் அந்தப் பட்டியல் எழுதப்பட்டது ஒரு சண்டையின் நடுவே. அதுவும் சாப்பாட்டுப் பந்தியில் யார் யாரோடு உட்காரலாம் என்பதையும் உள்ளே வைத்திருந்த சண்டை.

கலாத்தியா என்பது இன்றைய துருக்கியின் நடுப்பகுதி. அங்கிருந்த சபைகளுக்குப் பவுல் எழுதிய நிருபத்தில்தான் இந்தக் கனிகள் வருகின்றன. கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதியது. மற்ற சபைகளுக்கு எழுதும்போது அவர் வாழ்த்துச் சொன்ன கையோடு, உங்களை நினைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன் என்று ஆரம்பிப்பது வழக்கம். இந்த நிருபத்தில் அந்த நன்றி கிடையாது. நேரே கண்டிப்புக்குப் போய்விடுகிறார். யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் செய்துகொண்டே ஆகவேண்டும் என்று சிலர் வந்து போதித்து, சபைகளைக் கலக்கிவிட்டிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லும்போது பவுல் அந்தியோகியாவில் நடந்த ஒன்றை எடுத்துச் சொல்கிறார். பேதுரு அங்கே யூதரல்லாதவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சேர்ந்த சிலர் வந்து இறங்கியதும், இவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து ஒதுங்கிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் ஒதுங்கினார்கள். பர்னபாகூட அவர்களோடு போனார். பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவை நேருக்கு நேர் கேட்டுவிட்டார்.

நம் ஊரில் இந்தக் கதைக்கு விளக்கவுரை எதுவும் தேவையில்லை. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கியதும், அதுவரை திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து முகம் மாறுகிற வீடுகள் எத்தனையோ எனக்குத் தெரியும்.

கனிகளைச் சொல்வதற்கு முன்னால் பவுல் மாம்சத்தின் கிரியைகள் என்று இன்னொரு பட்டியல் போடுகிறார். எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டங்களில் அதிலிருந்து எடுத்துப் பிரசங்கிப்பது பெரும்பாலும் விபசாரமும் குடியும்தான். ஆனால் பட்டியலை எடுத்து வாசித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பகை, சண்டை, கோபம், பொறாமை, கட்சி, பிரிவினை என்றே போகும். குடிக்காத, சீட்டாடாத, ஞாயிறு தவறாமல் முதல் மணிக்கே வந்து உட்காருகிற ஒருவரிடமும் இவை அத்தனையும் இருக்கலாம். அப்படிப்பட்டவரை நாம் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தும்விடுகிறோம்.

தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றைப் புரட்டினால் பந்தியும் இருக்கையும்தான் திரும்பத் திரும்பத் தகராறாகியிருக்கின்றன. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று எழுதி அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை ஏற்காமல் சபையைவிட்டு வெளியேறியவர்கள் பலர். நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயில், இரண்டு சாதியார் இரண்டு பக்கமாக நின்று பூசை காணும்படி, பீடத்தில் மட்டும் சேர்கிற இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டது. நடுவில் இருந்த சுவரை 1910-இல் இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். ஆவியின் கனிகளின் பெயர் அவர்களுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

எங்கள் பகுதியில் இதற்கெல்லாம் ஒரு நல்ல மாற்று இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதுதான் அசனம். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி ஊரே கூடிச் சாப்பிடுவது. ஒருவர் அரிசி மூட்டை கொடுப்பார், ஒருவர் ஆடு கொடுப்பார், கொடுக்க முடியாதவர் முந்தின ராத்திரி வந்து வெங்காயம் உரிப்பார். கோயில் பின்புறம் அடுப்பு வெட்டி, விடிய விடிய அண்டாக்கள் கொதிக்கும். வெந்த சோற்றைப் பாயில் கொட்டி ஆறவிட்டு, ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். வரிசையாக உட்கார்ந்தால் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பது நம் கையில் இல்லை. கடைக்காரர் பக்கத்தில் அவரிடம் கடன் வைத்தவர் உட்கார்ந்திருப்பார். இந்து வீட்டுக்காரர்களும் முஸ்லிம்களும் வருவார்கள், யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். என் அம்மா சாகும்வரை பெரிய பிரசங்கம் எதையும் நினைவு வைத்திருந்து சொன்னதில்லை. எந்த வருஷத்து அசனத்தில் யார் யாரோடு பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது.

இப்போது என்ன நடக்கிறது? வசதியுள்ளவர்கள் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டாம் என்று வீட்டுக்குப் பார்சல் போகிறது. விருந்தினர்களுக்கு என்று பந்தலின் ஓர் ஓரத்தில் மேஜை நாற்காலி போட்டுத் தனிப் பந்தி. காய்ச்சலில் கிடக்கிறவருக்கும் நடக்கமுடியாத பாட்டிக்கும் சாப்பாடு கொடுத்து அனுப்புவது தயவு. திடகாத்திரமாக இருக்கிறவர் காரை அனுப்பித் தூக்குவாளியை நிரப்பிக்கொள்வது வேறு. சோறு வந்து சேர்ந்துவிடும், பக்கத்தில் உட்காரவேண்டியவர் வரமாட்டார். அவரோடு இடித்துக்கொண்டு உட்காருகிற அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் இத்தனை அடுப்பும் எரிந்தது.

சமாதானம் என்ற கனிக்கும் இதே கதிதான். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக நின்றவர்கள் ஒன்றான நாள். அந்தத் திருச்சபை 1950-இல் வகுத்த திருவிருந்து முறைமையில் ஓர் அழகான சடங்கைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. குருவானவர் சமாதானத்தை உதவியாளர்களுக்குக் கொடுக்க, அவர்கள் இறங்கிவந்து ஒவ்வொரு வரிசையின் முனையிலும் இருப்பவருக்குக் கொடுப்பார்கள். அங்கிருந்து கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள்வரை போகும். கொடுப்பவரின் வலது உள்ளங்கை வாங்குபவரின் வலது உள்ளங்கையில் பொருந்தும். இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்வார்கள். வாங்கியவர் அடுத்தவர் பக்கம் திரும்புவார்.

இதில் ஒரு கட்டாயம் இருப்பதைக் கவனிக்கவேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்க முடியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கொடுக்கவேண்டும். எங்கள் சபையில் நாத்தனார், மதினி இரண்டு பேர். பூர்வீக நிலத்தின் வரப்புத் தகராறில் பல காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் ஒரு வரிசையில் உட்கார்ந்தால் மற்றவர் இரண்டு வரிசை தள்ளித்தான் உட்காருவார். ஒரு பண்டிகை ஞாயிறு, கூட்டம் நெருக்கியடித்ததில், இருவரும் ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து மாட்டிக்கொண்டார்கள். சமாதானம் வரிசையில் வந்துகொண்டே இருந்தது. மதினியின் கைக்கு வந்ததும் நின்றது. அவர் நேரே பலிபீடத்தைப் பார்த்தபடி இருந்தார். வரிசையில் மிச்சமிருந்த ஏழெட்டுப் பேரும் காத்திருந்தோம். பிறகு நாத்தனார்தான் தன் இரண்டு கைகளையும் நீட்டினார், வாங்குகிறவர் நீட்டுகிற மாதிரி. முகம் திரும்பாமலே மதினி கையைக் கொடுத்தார். ஆராதனை முடிந்ததும் அவர்கள் கட்டிப்பிடித்து அழவில்லை. வரப்பு இன்னும் தீரவில்லை. ஆனால் அடுத்த மாதம் நாத்தனார் கீழே விழுந்து கால் எலும்பு முறிந்தபோது, சோறு கொண்டுபோனவர் மதினி.

பல சபைகளில் இந்தச் சடங்கு இன்று நின்ற இடத்தில் நின்று நாலு பக்கமும் கும்பிடுவதாகச் சுருங்கிவிட்டது. கொரோனா காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. நானே மருத்துவமனைக்காரி, அதைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலம் போய்விட்டது. கும்பிடு மட்டும் தங்கிவிட்டது, ஏனென்றால் அது சௌகரியம். நாலு பக்கமும் கும்பிடுகிறவர் யாருக்கும் கும்பிடவேண்டியதில்லை. கையைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்று குருமார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கனி என்பது மனசில் இருக்கிற ஒரு நல்ல எண்ணம் என்று நினைக்கிறவர்களை ஒரு நாள் அரசு மருத்துவமனை வார்டில் நிறுத்தவேண்டும். நான் பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் புதிதாகச் சேர்ந்தபோது அங்கே ஹெட் சிஸ்டர் ஒருவர் இருந்தார். தீக்காயக் கட்டுப் பிரிப்பதை அவரிடம்தான் படித்தேன். காஸ் துணி காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் ஒரு நொடியில் வந்துவிடும். அதோடு புதிதாக வளர்ந்துகொண்டிருக்கிற மெல்லிய தோலும் பிய்ந்து வரும். காயம்பட்ட அம்மா அலறுகிற அலறலில் அடுத்த கட்டிலில் இருப்பவர் நடுங்குவார். ஹெட் சிஸ்டர் இளஞ்சூடான சலைனை ஊற்றி ஊறவிடுவார். ஓரத்தை மட்டும் ஃபோர்செப்ஸால் தூக்கிப் பார்ப்பார். ஒட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். ஊறுகிற நேரம் முழுக்கப் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர், வீட்டில் ஆடு எத்தனை, மூத்தவளை எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறது. டிரெஸ்ஸிங் ட்ராலிக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேருக்குக் கட்டுப் பிரிக்கவேண்டியிருக்கும். அவர் கை ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

ராத்திரி டியூட்டியில் ஒரு தாய் வந்து, “சிஸ்டர், எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?” என்று கேட்பார். பத்து நிமிடம் கழித்து அதையே கேட்பார். விடிவதற்குள் எத்தனை தடவை கேட்பார் என்று எண்ணமுடியாது. ஹெட் சிஸ்டர் எழுதிக்கொண்டிருக்கிற நோட்டை மூடிவைத்துவிட்டு, அந்தத் தாயை ஸ்டூலில் உட்காரவைத்து, முதல் தடவை கேட்டதுபோலவே பதில் சொல்வார். “உக்காரும்மா. நாடி பார்த்தேன், நல்லா இருக்கு. இப்பத்தான் ஊசி போட்டிருக்கு, தூங்குறா. நீயும் செத்த நேரம் சாஞ்சுக்கோ.” நீடிய பொறுமை என்றால் என்ன என்று இன்று பிள்ளைகள் கேட்டால் நான் மூடிவைத்த அந்த நோட்டைத்தான் சொல்கிறேன்.

அவர் கிறிஸ்தவர் அல்ல. நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இதை எழுதினால் எங்கள் சபையில் சிலருக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும். ஆவியானவர் காற்றைப்போல விரும்பிய இடத்தில் வீசுகிறார் என்று நிக்கொதேமுவிடம் இயேசு சொன்னதை நம்புகிற எனக்கு அதில் சங்கடம் இல்லை. திருவள்ளுவரும் இனியவை கூறலுக்கும், அடக்கமுடைமைக்கும், பொறையுடைமைக்கும், வெகுளாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்த மண் இது. நல்ல கனியைப் பக்கத்து வீட்டு மரத்தில் கண்டால் சந்தோஷப்படத் தெரிந்திருக்கவேண்டும். சந்தோஷமும் அந்தப் பட்டியலில் உள்ளதுதானே.

பொறுமையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். வார்டில் நான் பார்த்த தீக்காயங்கள் எல்லாமே ஸ்டவ் வெடித்து வந்தவை அல்ல. கை ஒடிந்து, முகம் வீங்கி வந்த பெண்கள், வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். பார்க்கவந்த உறவினர்களில் வேதப்புத்தகம் கையில் வைத்திருந்தவர்களும் உண்டு. “பொறுத்துக்கோம்மா, சாந்தமா இரு, ஜெபம் பண்ணு, அவன் திருந்திருவான்” என்று கட்டில் ஓரத்தில் நின்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டபோதெல்லாம் உடம்பு எரிந்தது. அடித்தவனிடம் இச்சையடக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒன்பதில் பொறுமையும் சாந்தமும் மட்டும் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் கூலிக்காரர்களுக்கும் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது பெரிய அநியாயம். கனிகளைப் பட்டியல் போட்ட அதே பவுல்தான் அதே நிருபத்தில், பந்தியைவிட்டு எழுந்த பேதுருவை ஊரறியக் கேட்டதையும் எழுதியிருக்கிறார். சாந்தமுள்ளவர் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. அடிபட்ட பெண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் தன் வீட்டில் தங்கவைத்து, காவல் நிலையத்துக்குக் கூடப்போன ஓர் உபதேசியார் அம்மாவை எனக்குத் தெரியும். விசுவாசமும் நற்குணமும் சேர்ந்து இருந்தன அந்த அம்மாவிடம்.

கனி ஆவியானவர் தருவது, மனிதன் முயன்று விளைவிப்பதல்ல; நீங்கள் சொல்வதெல்லாம் கிரியை என்று எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். வேதம் நன்றாகத் தெரிந்தவர். அவருக்கு மரியாதையோடு நான் சொன்ன பதில் இது. அதே நிருபம் அடுத்த அதிகாரத்திலேயே, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது, விதைத்ததையே அறுப்பீர்கள் என்கிறது, நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருங்கள் என்கிறது. தருகிறவர் அவர்தான், ஐயா. ஆனால் தரும் இடத்துக்கு நாம் போகவேண்டும். நமக்குப் பிடிக்காதவர்கள் யாருமே இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்துகொண்டால், பொறுமையைத் தரவேண்டிய அவசியம் ஆவியானவருக்கு எங்கே வரும்?

அன்றாட வாழ்வில் இதற்கு வழி கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது சின்னச் சின்னக் காரியங்கள். பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கு முதல் தேதியே சம்பளம் கொடுத்துவிடுங்கள், கேட்கவைக்காதீர்கள். நாம் குடிக்கிற அதே டம்ளரில் காப்பி கொடுங்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைப் பற்றி வந்த செய்தியை அவரிடம் கேட்காமல் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். புதிதாக ஒருவர் ஆராதனைக்கு வந்தால் “எந்த ஊரு, யாரு மகன்?” என்று துருவித் துருவிச் சாதியைக் கண்டுபிடிக்கிற பழக்கத்தை விடுங்கள், பெயரைக் கேட்டு, பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் போதும். துக்க வீட்டுக்குப் போனால் கடவுளின் சித்தம் என்று உடனே விளக்கம் சொல்லாமல், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

பெரிய காரியமும் ஒன்று இருக்கிறது. சேகரக் கமிட்டி, பெருமன்றம் என்று தேர்தல் வரும்போதெல்லாம் எங்கள் சபைகள் இரண்டாக உடைகின்றன. அணி, அணிக்கு ஒரு தலைவர், வீடுவீடாக ஓட்டு வேட்டை, தோற்றால் நீதிமன்றம். அண்ணன் தம்பிகள் ஒரே கோயிலில் வேறு வேறு நேரத்து ஆராதனைக்கு வருகிறார்கள். பள்ளியில் வேலை, கல்லூரியில் இடம், கட்டட ஒப்பந்தம் எல்லாம் அந்தப் பதவிகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் மட்டும் செய்வதில் பலன் இல்லை. கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும். வேலை நியமனத்தில் கமிட்டிக்குக் கை இருக்கக்கூடாது. இச்சையடக்கம் என்பதைக் கள்ளுக்கடைக்கு மட்டும் என்று நினைக்காமல், நாற்காலிக்கும் சேர்த்துப் பேசவேண்டும்.

வருகிற பண்டிகைக்கு முன் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். அசனத்தில் நடக்கமுடியாதவர்களுக்குத் தவிர யாருக்கும் பார்சல் இல்லை. மேஜைப் பந்தி இல்லை. பேராயர் வந்தாலும் பாயில்தான் இலை. கமிட்டிக்காரர்கள் கடைசிப் பந்தியில் சாப்பிடவேண்டும், அதுவரை பரிமாறவேண்டும். போன தேர்தலில் எதிரெதிராக நின்றவர்கள் ஜோடி ஜோடியாக ஒரே வரிசைக்குப் பரிமாற வரவேண்டும், ஒருவர் கையில் சோற்றுப்பெட்டி, மற்றவர் கையில் குழம்பு வாளி. எங்கள் குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கூட்டம் அதிகம், வெயில் அதிகம், பெரியவர்கள் மனம் நோவார்கள் என்றார். பந்தலை இன்னும் நாலு முழம் நீட்டிப் போட்டால் வெயில் பிரச்சினை தீர்ந்துவிடும், அதற்கான செலவைச் சங்கமே ஏற்கும் என்று சொல்லியிருக்கிறேன். தீர்மானத்தை வழிமொழிய அந்த மதினி சம்மதித்திருக்கிறார். தோற்றுப்போனால் அடுத்த வருஷமும் கொண்டுவருவோம்.